மார்கழியில் வேண்டாம் என்றேன்

எங்கள் வீட்டின் கெல்லரில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள அறையில், ஓர் எண்ணெய் பொயிலர் இருந்தது. வீட்டை வாங்கிய நாளிலேயே அதற்கு வயது போயிருந்தது. பச்சைத் தகரம், பக்கத்தில் ஆளுயர எண்ணெய்த் தாங்கி, முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். நினைத்தால் எரியும், நினைத்தால் நின்றுவிடும். நின்றால் நான் படியிறங்கிப் போய் அந்தப் பொத்தானை அமத்த வேண்டும். இருபது குளிர்காலம் அப்படி இறங்கி ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதன் பரம்பரையையே திட்டுவேன். மனைவி மேலே நின்று, "அது எங்களோடை சேந்து கிழடாகுது, பேசாதேங்கோப்பா" என்பாள்.

ஹம்பேர்க்கின் ஓரத்தில், எஸ்-பான் ரெயிலின் கடைசித் தரிப்புக்குக் கிட்ட, ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அது. நான் துறைமுகத்தில் பொருட்களை ஏற்றி இறக்கும் களஞ்சியத்தில் வேலை செய்தேன். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர், கீழே அந்தப் பொயிலர்.

பழைய எண்ணெய்ப் பொயிலரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து சூடு எடுக்கும் ஹீட் பம்ப் பூட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் தருகிறது என்ற செய்தியை அவள்தான் கொண்டுவந்தாள். அப்போது அவளுடைய வயிற்றுப் புற்றுநோய், வெட்டி எடுத்த பிறகும் திரும்பி வந்திருந்தது. மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் எந்தப் போர்வைக்கும் அடங்காமல் குளிர்ந்து நடுங்குவாள். "ஒரு மாரிக்கெண்டாலும் இந்த வீட்டிலை குளிராமல் படுக்கவேணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அன்ராக் என்கிற அந்த விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். மூன்று பின்னேரம் எடுத்தது. கட்டிலில் சாய்ந்து, தலையணையின் மேல் கணினியை வைத்துக்கொண்டு என்னை ஏவினாள். வீடு கட்டிய வருடம் எது, பொயிலர் பூட்டிய வருடம் எது, எத்தனை சதுர மீற்றர். நான் ரோர்ச்சுடன் கெல்லருக்கு இறங்கி, பொயிலரின் முதுகில் இருந்த தகட்டைத் துடைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். வாயால் டொச், அதாவது ஜெர்மன் மொழி, கதைத்து யாரோடும் சண்டை பிடிப்பேன். காகிதத்தில் டொச் வந்தால் எனக்குக் கண் மங்கிவிடும். தொடர்பு கொள்ளும் இலக்கமாகவும் ஈமெயிலாகவும் தன்னுடையதையே போட்டாள். "உங்கடையைக் குடுத்தால் அடுத்த வருசம்தான் திறந்து பாப்பியள்" என்று சிரித்தாள்.

வெளியில் வைக்கும் பெட்டிக்கு இடம் தெரிவு செய்ததும் அவள்தான். பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பி நின்ற இடம்.

"அப்ப உடுப்பை எங்கை காயப்போடுறது?" என்று கேட்டேன்.

"இனிக் கன உடுப்பு இராதப்பா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விசர்க்கதை கதைக்க வேண்டாம் என்று கத்திவிட்டு வெளியே போய், ஒரு காரணமும் இல்லாமல் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன்.

அனுமதிக் கடிதம் நினைத்ததை விடக் கெதியாக வந்தது. பூட்டுவதற்கு ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. கடைசியில் ஒரு ஹைசுங்காரர் அகப்பட்டார். ஹைசுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் அமைப்பு. பொயிலர், குழாய் எல்லாம் அதற்குள் அடக்கம். நரைத்த மீசை, பெரிய கை, குறைந்த பேச்சு. அளவெடுக்க வந்தபோது தேநீர் தரவா என்று கேட்டேன், நேரமில்லை என்றார். ஜனவரிக் கடைசிக்கு நாள் தந்தார். நான் உடனே சமையலறைக்குப் போய், தமிழ்க் கடையில் தந்த கலண்டரைப் பார்த்தேன். தை மாதம், வளர்பிறை. மனம் குளிர்ந்துவிட்டது.

இந்த நாள் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் இந்த வீட்டுக்குள் வந்தது ஆடி மாதத்தில். வீட்டின் பழைய சொந்தக்காரர் ஓகஸ்ட் முதலாந் திகதி சாவி தருவதாக எழுதியிருந்தார். ஆடி, ஆவணி என்று அந்த மனிதருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வந்த அன்றே பால் காய்ச்சி, வெறும் நிலத்தில் இருந்து குடிக்கத் தந்தாள். அடுத்த வருடம், நாற்பது வயதில், அவள் வயிற்றில் வந்த பிள்ளை நிற்கவில்லை. பிறகு என் முதுகு போனது. பிறகு அவளுக்கு இந்த நோய். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நான் அந்த ஆடியின் கணக்கில்தான் எழுதிவந்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் அவள் எழும்பிவிடுவாள் என்று நம்பினேன். யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். நம்பினேன் என்பதுதான் உண்மை.

டிசம்பர் தொடக்கத்தில் அவளுக்கு வயிற்றில் நீர் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் கழித்து டொக்டர் என்னை ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார். இனி மருந்தால் செய்ய ஒன்றுமில்லை என்றார். உங்கள் மனைவி வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார், தாராளமாகப் போகலாம், தாதி தினமும் வீட்டுக்கே வருவார், அறை மட்டும் இரவு பகலாகச் சூடாக இருக்க வேண்டும் என்றார். அவள் வீட்டுக்குப் போகலாம் என்றதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் சொன்னதைக் காதுக்குள் எடுக்கவில்லை.

ஆனால் வீட்டில் சூடு இல்லை. பொயிலர் அப்போது நாளுக்கு நாலு தடவை நின்றது. இரண்டு மின்சார ஹீட்டரை ஒன்றாகப் போட்டால் பியூஸ் விழுந்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப ஹைசுங் பூட்டின உடனை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். "எங்கடை அறையிலை கிடந்தால் காணும்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். புது ஹைசுங் வந்த அண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

இரண்டு நாள் கழித்து, வெளிப் பெட்டிக்குச் சீமெந்துத் தளம் போடுவதற்கு ஹைசுங்காரர் வந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது, வேறொரு வீட்டுக்காரர் தன் வேலையைப் பின்போட்டுவிட்டார், மெசின் வந்து கிடக்கிறது, கிறிஸ்மசுக்கு முந்திய வாரமே வந்து மூன்று நாளில் பூட்டி முடிக்கலாம் என்றார். அதிகம் பேசாத மனிதர் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தார்.

நான் கலண்டரைப் பார்த்தேன். அவர் சொன்ன நாள் மார்கழி மூன்று.

"வேண்டாம். ஜனவரியிலேயே வாருங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில் அல்லவா?"

"ஓம். அதனால்தான். எங்களிடம் இந்த மாதத்தில் புது அடுப்பு மூட்டுவதில்லை."

"இதில் நெருப்பே இல்லையே" என்றார். வெறும் காற்றும் மின்சாரமும்தான் என்று இன்னொரு தடவையும் சொன்னார். நான் அசையவில்லை. ஆடியில் ஒருமுறை விட்டது போதும், மார்கழியில் இன்னொரு முறை விடமாட்டேன் என்று மனதுக்குள் பிடிவாதம். தேநீர் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் நிமிர்ந்து இருந்தாள். தலைமயிரை வாரிக் கட்டியிருந்தாள். ரெலிபோன் போர்வையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஹைசுங்காரர் ஏதும் சொன்னவரே?"

நான் பொய் சொன்னேன். மார்கழி என்று சொன்னால் சிரிப்பாள், பிறகு வாதாடுவாள், வாதாடினால் நான் தோற்றுவிடுவேன் என்று தெரியும். "தை கடைசிக்கு முன்னம் ஏலாதாம். ஆளில்லையாம்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அப்ப தையிலை பாப்பம்." பிறகு, "கால் குளிருது. சொக்சை ஒருக்கா இழுத்து விடுங்கோ" என்றாள். இழுத்து விட்டேன். அந்த அறை வேர்க்கும் அளவுக்குச் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. நான்தான் கதைத்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன், புதுப் போர்வை வாங்கியிருக்கிறேன் என்று நாளுக்கு ஒன்று சொல்வேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில், விடியற்காலை ஆஸ்பத்திரியில் இருந்து ரெலிபோன் வந்தது. முதல் எஸ்-பானைப் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய கைகளை நெஞ்சின் மேல் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஜனவரிக் கடைசியில், சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஹைசுங்காரர் வந்து மணியடித்தார். நான் மறந்தே போயிருந்தேன். முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, முடியாத வீடு அது. சாமிப்படம் மூடிக் கிடந்தது. துடக்கு வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. மார்கழியையும்விட ஆகாத காலம் அது. நான் ஆசையாகப் பார்த்து வைத்த நல்ல நாள் அதற்குள் வந்து விழுந்திருந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். மூன்று நாள் வேலை செய்தார்கள். அந்தப் பச்சைப் பொயிலரைத் துண்டு துண்டாக வெட்டி மேலே கொண்டுவந்தார்கள். சிவப்புப் பொத்தானைக் கண்டபோது எனக்கு அழுகை வந்தது.

கடைசி நாள், கேட்டுப் பழகிய வாயால் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். ஹைசுங்காரர் ஓம் என்று சொல்லிக் கதிரையில் இருந்தார். இஞ்சி போட்டு, சீனி கூடிப்போன தேநீர். முழுக்கக் குடித்தார். இன்னொரு கப் தரவா என்றேன், அதையும் குடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றார்.

அதன் பிறகு வீடு முழுக்க ஒரே சூடு. படிக்கட்டில் சூடு, குளியலறையில் சூடு, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்ட கட்டிலடியில் சூடு. சத்தமில்லை, புகையில்லை, இறங்கிப் போய் அமத்துவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சூட்டை என்னால் தாங்க முடியவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, குளிர் காற்றுக்குப் பின்வளவில் போய் நிற்பேன். அங்கேயும் உடுப்புக்கம்பி நின்ற இடத்தில் அந்தப் பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருக்கும்.

மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. வேலை முடிந்ததற்கான அத்தாட்சியையும் பில்லையும் கணினி வழியாக அனுப்பினால்தான் உதவி கிடைக்கும் என்று இருந்தது. அவளுடைய விண்ணப்பக் கோப்பை எடுத்தேன். முன் அட்டையின் உள்ளே கடவுச்சொற்களைத் தமிழிலும் டொச்சிலும் அழகாக எழுதி, எதை எதற்குப் பிறகு திறக்க வேண்டும் என்று இலக்கம் போட்டு வைத்திருந்தாள். யாருக்காக எழுதினாள் என்று அப்போதுதான் விளங்கியது. இலக்கம் ஒன்று, அவளுடைய ஈமெயில்.

திறந்தேன். பில் வந்த மெயிலைத் தேடிக்கொண்டு போக, ஹைசுங்காரரின் பழைய மெயில்களும் கீழே கிடந்தன. கண் மங்கினாலும் விடாமல், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

தளம் போட வந்த நாளுக்கு முதல் நாளே அவர் அவளுக்கு எழுதியிருந்தார். கிறிஸ்மசுக்கு முந்திய வாரம் வரலாம், சம்மதமா? அவள் சிறிது நேரத்திலேயே பதில் அனுப்பியிருந்தாள். "மிக்க நன்றி. அப்படியென்றால் நான் வீட்டுக்குப் போகலாம்."

அடுத்த நாள் மத்தியானம் அவர் திரும்ப எழுதியிருந்தார். உங்கள் கணவர் இந்த மாதம் வேண்டாம் என்கிறார், உங்களுக்குத் தெரியுமா?

அதற்கு அவள் பதில் எழுதிய நேரம் அதில் இருந்தது. நான் கஞ்சியோடு எஸ்-பானில் வந்துகொண்டிருந்த நேரம்.

"தெரியும். எனக்காகத்தான் அவர் அப்படிச் செய்கிறார். அவர் சொன்ன நாளிலேயே வாருங்கள். நான் முன்பு சம்மதித்ததை அவரிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் வரும் நாளில் அநேகமாக நான் இருக்க மாட்டேன். அவர் தேநீர் வேண்டுமா என்று கேட்பார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்."

பில்லை அனுப்பிவிட்டேன். அத்தாட்சியையும் அனுப்பிவிட்டேன். அவள் போட்ட இலக்கப்படி எல்லாம் பிழையில்லாமல் போனது. பிறகு அவளுடைய கட்டிலில் போய் இருந்தேன்.

ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை என்று எத்தனையோ தடவை அவளிடம் கேட்டுவிட்டேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே என்று அழுதும் பார்த்தேன். அது பொய். சொல்லியிருந்தாலும் நான் கலண்டரைத்தான் எடுத்துக் காட்டியிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது.