மூன்றாம் எண்ணில் லமியாவின் குரல்

நாசரேத்தில் சந்தை மேட்டுக்குப் பின்னால், விவிலிய வரலாற்றைப் படமும் ஒலியுமாகக் காட்டும் கூடம் ஒன்று உண்டு. எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்கள் முதலில் அங்கே இறங்கி, ஆதாமில் தொடங்கி அப்போஸ்தலர்கள் வரை நான்கு அறைகளில் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறுவார்கள். வாசல் கவுன்டரில் ஹெட்போன் கொடுப்பவள் நபீஹா. ஒன்றாம் எண் இத்தாலியன், இரண்டு பிரெஞ்சு, மூன்று அரபு. எண்ணைக் கவுன்டரில் வைத்துத்தான் மாற்ற முடியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அரபு ஒலிப்பதிவு வந்தது. மாதா பேசத் தொடங்கியதும் நபீஹா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அது அவள் தங்கை லமியாவின் குரல்.

நபீஹாவுக்கு மோதிரம் போட்ட எலியாஸ், மூன்றே மாதத்தில் அதே வீட்டுக் கதவைத் தட்டி லமியாவைப் பெண் கேட்டவன். லமியா மாட்டேன் என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து இருவரும் ஹைஃபாவுக்குப் போனார்கள்; அங்கே கோயில் நாடகங்களுக்குக் குரல் கொடுத்து லமியா பேர் வாங்கினாள். நபீஹா அதற்குப் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. தாயை அடக்கம் செய்தபோதுகூட அக்காவும் தங்கையும் குழிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எலியாஸ் செத்தபோது நபீஹா துக்கம் கேட்கப் போகவில்லை.

"அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்றார்கள் தெரிந்தவர்கள்.

"ஒரு தடவை அவளுக்காக ஒதுங்கினது போதும்" என்றாள்.

தினமும் காலையில் நாற்பது ஹெட்போனையும் காதில் வைத்துச் சோதிப்பது அவள் பொறுப்பு. நாற்பது தடவை லமியா. அப்படியே பதினோரு வருடம் போயிற்று.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஹைஃபாவிலிருந்து ஒரு கோயிலின் பங்கு மக்கள் கூட்டம் வந்தது. வரிசையில் கடைசியாக, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு லமியா. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது என்று ஊரில் பேச்சு. நபீஹா நிமிராமலே எண்ணை ஒன்றுக்குத் திருப்பி ஹெட்போனை நீட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த பெண்கள் லமியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாதாவே வந்து பேசின மாதிரி இருந்துச்சு உன் குரல்!" லமியா அவர்களை விலக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள். பேச்சு மூச்சும் கரகரப்புமாகத்தான் வெளியே வந்தது.

"எனக்கு மட்டும் இத்தாலியன்."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷினுக்கு என்மேல என்னக்கா கோபம்?"

"அக்கான்னு கூப்பிடாதடி. அந்த உறவை மோதிரத்தோட சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிட்ட."

"மோதிரத்தை நீதான் கழட்டி அவர் மூஞ்சில எறிஞ்ச."

"எறிஞ்சதைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டது யாரு?"

அவர்களுடன் வந்த, எல்லோரும் அபூனா என்று கூப்பிடும் பாதிரியார் குறுக்கே வந்தார். "நாளைக்குக் குருத்து ஞாயிறும்மா. இந்த மனசோடயா யாத்திரை போறது?"

"போறது அவ, அபூனா. அவளுக்குச் சொல்லுங்க. நான் டியூட்டில இருக்கேன்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த காட்சி ஒரு மணிக்குத்தான்.

"நீங்கல்லாம் போங்க அபூனா" என்றாள் லமியா. "நான் கேட்காம இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

பாதிரியார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். பஸ் அவளை விட்டுவிட்டு எருசலேமுக்குக் கிளம்பியது.

இரண்டு மணி நேரம் லமியா கவுன்டருக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நபீஹா ஏலக்காய் போட்டுக் காபி வைத்தாள், ஒரே ஒரு கோப்பை. லமியாவுக்கு இருமல் வந்து அடங்காமல் உலுக்கியது.

"குழாய் வெளியில இருக்கு" என்றாள் நபீஹா.

லமியா போய்க் குடித்துவிட்டு வந்தாள். "வீட்ல நான் பேசின கேசட்டையெல்லாம் என் பையன் தூக்கிப் போட்டுட்டான். என் குரல் இப்ப இங்க மட்டும்தான் இருக்கு."

"நல்லாக் கேட்டுக்கோ. ஒரு நாளாவது அதைக் கேட்காம இருக்கணும்னுதான் எனக்கு ஆசை."

ஒரு மணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். ஹெட்போனில் மூன்று என்று இருப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் லமியா உள்ளே போனாள். வரும்போது முகம் வீங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுறா" என்றாள், யாரோ ஒருத்தியைச் சொல்வதுபோல.

"ஹெட்போனைக் கொடு. அடுத்த ஷோவுக்கு வேணும்."

மகன் காரோடு வந்து லமியாவைக் கூட்டிப்போனான்.

அந்த இலையுதிர் காலத்தில் கூடத்தில் படங்களை மாற்றினார்கள். அரபுக்கும் புதுக் குரல் வந்தது. பழைய ஒலித்தட்டைக் குப்பையில் போடச் சொன்னார் மேலாளர். நபீஹா அதைச் செய்தித்தாளில் சுற்றி ஹைஃபாவுக்குத் தபாலில் அனுப்பினாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'இந்தச் சனியன் இனிமேல் என் காதில் விழ வேண்டாம்.' பதில் வரவில்லை.

மறுநாள் காலை புதுக் குரலை நான்கு ஹெட்போனில் சோதித்துவிட்டு மேலாளரிடம் போனாள்.

"இவளை எங்க பிடிச்சீங்க? பூனை மாதிரி பேசுறா. மாதா மாதிரியே இல்ல."