சிவப்புக் கம்பளத்துக்குப் பின்னால்

ஓஷ் நகரத்தில் புருல்கான் ஓட்டும் டிராலிபஸ்ஸைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். ஜூலை வெயிலிலும் அதில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்காது. எவராவது திறந்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள்.

"குறுக்குக் காத்து அடிச்சா இடுப்பு பிடிச்சுக்கும். மூடுறியா, இறங்குறியா?"

புருஷன் போன பிறகு மகன் உலனை ஒண்டியாக வளர்த்தவள். பிள்ளையைக் காத்துப்படாமல் வளர்த்தாள் என்று அக்கம்பக்கத்தார் கிண்டல் செய்வார்கள். அது உண்மையும்தான்.

அக்டோபரில் குளிர்காலத்துக்காக, வீடுகளைச் சூடாக்கும் கணப்புக் குழாய்களில் தண்ணீர் விட்டார்கள். மேல்வீட்டு மெடெர், கணப்பைக் கழற்றி வர்ணம் அடித்த மகராசன், திரும்ப மாட்ட மறந்திருந்தான். தண்ணீர் புருல்கானின் கூடத்துச் சுவர் முழுக்க வழிந்தது. சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் கம்பளத்தைத் தூசி தட்டக் கீழே எடுத்துப் போயிருந்ததால் அது மட்டும் தப்பியது.

மெடெர் மின்விசிறியும் கையுமாக வந்து அசடு வழிய நின்றான்.

"அக்கா, சுவர்க் காகிதத்த உரிச்சுட்டு, ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து போடுங்க. சுவர் காயிற வரைக்கும் எதையும் மாட்டாதீங்க. பூசணம் பூத்துடும்."

"ரெண்டு பக்கமுமா? என்னைக் கொல்லத் தண்ணி பத்தலைன்னு காத்தையும் ஏவி விடுறியா? ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கடா, பாவி!"

அதுதான் அவள் கவலை. உலனுக்கும் ஜீபெக் என்ற பெண்ணுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. ஜீபெக்கின் அம்மா சய்ரகுல் வந்து வீட்டைப் பார்த்துத் தலையசைத்தால்தான் கல்யாணம். அவள் முன்னால் மொட்டைச் சுவரைக் காட்டினால் மானம் என்னாவது? மெடெர் படியேறிப் போனதும் கம்பளத்தை ஈரச் சுவரிலேயே மாட்டி, ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒரே மக்கல் வாடை. அதை மறைக்க ஆட்டுக்கறியை வேகவைத்தாள், வாசனைக்கு அர்ச்சா மரத் தழையைக் கொளுத்திப் புகை போட்டாள். வாடை மூன்றாகப் பெருகியதுதான் மிச்சம்.

சய்ரகுல் வெள்ளைப் பட்டுச் சட்டையில் வந்தாள். கதவுக்கு எதிரே, சுவரில் தொங்கும் கம்பளத்தின் அடியில் இருப்பதுதான் பெரிய விருந்தாளியின் இடம். வேறெங்கே உட்காரவைப்பது? அவளும் முதுகைச் சாய்த்துச் சௌகரியமாகத் தேநீர் குடித்தாள். ரொட்டியை எடுக்க முன்னால் குனிந்தபோது உலன் அதைப் பார்த்துவிட்டான். பட்டுச் சட்டையின் முதுகு முழுக்கக் கம்பளத்தின் சிவப்பு.

சய்ரகுல் முதுகைத் தடவிக் கையைப் பார்த்தாள். திரும்பிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினாள். சுவரில் கறுப்புப் புள்ளிகள் திட்டுத் திட்டாகப் பூத்திருந்தன.

"என்ன இது?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. புருல்கான் அதை விழுங்கிவிட்டாள்.

"மேல இருந்து தண்ணி இறங்கிடுச்சுங்க. வெறும் சுவரைக் காட்ட வெக்கமா இருந்துச்சு, மறைச்சுட்டேன்."

"என் பொண்ணுக்கு மூச்சிழுப்பு இருக்கு, தெரியுமா?"

தெரியாது. உலன் தடியன் இதை ஒரு நாளும் சொன்னதேயில்லை. வரப்போகிறவளின் மூச்சை அடைக்கவா இத்தனை பாடுபட்டோம்! புருல்கான் நாற்காலியில் ஏறிக் கம்பளத்தைப் பிடுங்கி இறக்கினாள். தெருப்பக்க ஜன்னலைத் திறந்தாள். அடுக்களை ஜன்னலுக்கு முன் ஒரு நொடி தயங்கி, இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதையும் திறந்தாள். சில்லென்ற காற்று வீட்டுக்குள் ஓடியது. கத்தியை எடுத்து ஊறிய காகிதத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

சய்ரகுல் பாழான சட்டையின் கைகளை மடித்துவிட்டாள்.

"அப்படியே சுரண்டாதீங்க, பூசணம் வீடு பூரா பறக்கும். துணிய நனைச்சுத் துடைச்சுட்டுச் சுரண்டுங்க. சோடா மாவு இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"கொண்டாங்க. சுவர் நல்லாக் காயட்டும், அப்புறமா நாள் குறிக்கலாம். அதுக்குள்ள கம்பளத்த மாட்டினீங்க, சம்பந்தின்னுகூடப் பாக்க மாட்டேன்."

புருல்கானின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"இப்ப... என்னன்னு கூப்பிட்டீங்க?"

"சோடா மாவு கேட்டேன், சம்பந்தி. போய் எடுத்துட்டு வாங்க!"