அக்காவுக்கும் ஒரு போஸ்டர்

கூண்டு கழுவுவதுதான் அக்காவின் வேலை. பதினோரு வருஷமாக. ஷாம்பூவையும் முகப்பூச்சையும் முயல்களின் கண்ணில் விட்டுப் பார்க்கிற ஆய்வுக்கூடம் அது. காலையில் உள்ளே போனால் தட்டுகளைச் சுரண்டி, ப்ளீச் ஊற்றித் தேய்த்து, நகக்கண் வெளுத்து சாயங்காலம் வெளியே வருவார். அவரை அங்கே யாரும் ஒரு ஆளாகப் பார்த்ததில்லை. அதனால்தான் ஏப்ரன் பொத்தானில் கேமரா வைத்து எங்களுக்குப் படம் எடுத்துத் தர முடிந்தது. வீட்டில் அவரும் கல்லூரியில் படிக்கும் மகளும்தான். மகளைப் பொறுத்தவரை அம்மாவுக்கு ஏதோ ஆபீஸில் கிளீனிங் வேலை.

விலங்குவதைக்கு எதிரான எங்கள் குழுவில், படம் எடுப்பது அக்காதான் என்பது வக்கீலுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வக்கீலின் வழி எப்போதும் ஒன்றுதான். "கம்பெனியைப் பாத்துக் கத்தினா காத்தோட போயிடும். வேலை பாக்குறவன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும். பக்கத்து வீடு பாக்கணும். ஆள் தானா கழண்டுக்குவான்." அப்படி நான்கு பேரின் முகம் போட்ட போஸ்டரோடு அவர்கள் வீடுகள் முன் நின்றோம். இரண்டு பேர் கழன்றார்கள்.

படங்களை வெளியிட்ட மூன்றாம் வாரம், பஸ் நிறுத்தத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"தம்பி, உங்க படத்தையெல்லாம் மேனேஜர் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான். எதுல யாரு தெரியுறாங்கன்னு பார்த்துப் பேருக்கு நேரா டிக் போடுறான். ஒருத்தி மட்டும் எதுலயும் இல்ல."

"வேலைய விட்டுருங்கக்கா."

"விட்டா? அடுத்த மாசம் நாய்க்குட்டிங்க வருது. அதை யாரு படம் எடுப்பா, உங்க வக்கீலா? அவரு வாசல்ல நிக்கத்தான் லாயக்கு." லேசாகச் சிரித்தார். "என் மூஞ்சியையும் போஸ்டர்ல போடுங்க. என் வீட்டுக்கும் வாங்க. நல்லா அசிங்கமா எழுதுங்க."

"உங்க பொண்ணு?"

"அவகிட்ட சொன்னா அவ மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

நான்தான் எழுதினேன். ஞாயிறு காலை பதினைந்து பேர் போய் நின்றோம். எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து காறித் துப்பினாள். மகள் கதவைத் திறந்து போஸ்டரை நிதானமாகப் படித்தாள்.

"முயல் கண்ணுலயாம்மா? வெறும் கிளீனிங்னுதானே சொன்னே?"

அக்கா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் மேனேஜர் அவருக்கு ஆறுதல் சொல்லி, இனி கம்பெனி வேனிலேயே வரச் சொன்னானாம். அவனுடைய சந்தேகம் போய்விட்டது.

வியாழக்கிழமை ஆய்வுக்கூட வாசலில் எங்களோடு வந்து நின்றாள் மகள். பெட்டியோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாளாம். என் கையிலிருந்த போஸ்டரை வாங்கிக்கொண்டாள், அம்மாவின் முகம் போட்டதை. வேன் வந்ததும் அவள் கத்தியதுபோல எங்களில் ஒருவரும் இதுவரை கத்தியதில்லை. அவள் யாரென்று வக்கீலுக்குத் தெரியும். "வீடியோ எடுடா, விட்றாதே" என்றார்.

ஜன்னலோரம் இருந்த அக்கா நிமிரவில்லை.

சனிக்கிழமை காய்கறிக் கடையில், தக்காளிப் பையோடு மெமரி கார்டை என்னிடம் கொடுத்தார்.

"அவகிட்ட நான் சொல்லிடட்டுமாக்கா?"

"வாய மூடு. அவ கத்துறதாலதான் என்னை நம்புறாங்க. குட்டிங்க வர இன்னும் இருபது நாள் இருக்கு." இன்னொரு தக்காளியை எடுத்து, அழுத்திப் பார்த்து, திரும்ப வைத்தார். "அவளுக்குச் சட்டுனு தொண்டை கட்டிக்கும். சுடுதண்ணி எடுத்துட்டுப் போ."

திங்கட்கிழமை ஃபிளாஸ்க்கோடு போனேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். திருப்பத்தில் வேன் தெரிந்தது. மிச்சத் தண்ணீரோடு கப்பை என் கையில் திணித்துவிட்டு முன்னால் ஓடினாள்.