கம்பளிக்காரி

அமிர்தநாதன் மாஸ்டர் பேய்க் கதை சொல்கிறவர் அல்லர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். இது அவருக்கு நடந்தது. நடந்திராவிட்டால் அவர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.

1954. இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம் ஒரு பழைய பங்களாவைத் தேயிலைத் தோட்ட நூதனசாலையாக்கினார்கள், பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் இடமாக. சம்பளமில்லாத டிரஸ்டிகள் ஐந்து பேர். நான்கு பேர் தோட்டங்களை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமார். ஐந்தாவது, தோட்டப் பள்ளிக்கூடத்து அமிர்தநாதன். துரைமாரின் வெள்ளிக் கோப்பைகளும் துப்பாக்கிகளும் எல்லா அறைகளையும் பிடித்துக்கொண்டன. கொழுந்து பறித்தவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மாஸ்டர் வாதாடினார். கடைசியில் தலைவர் துரை ஒரு கண்ணாடி அடைப்பை விட்டுக்கொடுத்தார். சனிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் நிரப்பாவிட்டால் அங்கே தான் சுட்ட சிறுத்தை நிற்கும் என்றார்.

மாஸ்டர் வைக்கோல் திணித்து ஒரு பெண்ணுருவம் செய்தார். அதற்கு உடை வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் தரவில்லை. உடுத்தியதைப் பொம்மைக்குக் கொடுத்தால் ஆகாது என்றார்கள். கங்காணி பொன்னையா மட்டும் தானே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கறுப்புக் கம்பளி, இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு, கூடை.

"யாரோடது கங்காணி?"

"நம்ம வீட்டுப் பொம்பளையோடதுங்க மாஸ்டர். கப்பலேறி ஊருக்குப் போயிருச்சு. அந்த வெயில்ல கம்பளியப் போத்துனா அவிஞ்சுல்ல போகும்?"

புதன்கிழமை உடுத்தி நிறுத்தினார். வியாழன் காலை படங்கு நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. துரைமாரின் சேட்டை என்று நினைத்தார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை மறுபடி ஈரம். கூடையில் ஒரு பிடி கொழுந்து. அப்போதுதான் கிள்ளியது.

அன்று மாலை உள்ளே தாழிட்டுக்கொண்டு அவரே காவலிருந்தார். நாலரை மணிக்கு மூடுபனி ஜன்னலை அடைத்தது. அறை இருண்டது.

சொட்...

படங்கிலிருந்து நீர்.

சொட்... சொட்...

கண்ணாடிக் கதவைத் திறந்தார். வைக்கோல் காலில் ஓர் அட்டைப்பூச்சி. கொழுத்திருந்தது. கீழே விழுந்தது. சப்பாத்தால் மிதித்தார்.

ரத்தம்.

வைக்கோலில் ஏது ரத்தம்?

நிமிர்ந்தார். கம்பளி ஏறி இறங்கியது... மூச்சு.

"யாரம்மா?"

கம்பளியின் நுனி அவர் மணிக்கட்டைச் சுற்றியது.

இறுகியது.

உதறிக்கொண்டு ஓடினார். அவளை எடுத்துவிட்டால் சிறுத்தை வந்துவிடும். எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் சுற்றி நின்றார்கள். படங்கு காய்ந்திருந்தது. ஞாயிறு மறுபடி சொட்டியது. அடுத்த கூட்டத்தில், அதை அகற்ற வேண்டும் என்று மாஸ்டர் கெஞ்சினார். உள்ளே வந்த பொருள் வெளியே போகாது என்றார் தலைவர். சொந்தக்காரர் வந்து கேட்டால் மட்டும் பார்க்கலாம். வாக்கெடுத்தார்கள். நாலுக்கு ஒன்று. சண்டை போட்டு வாங்கியதை நீயே காவல் காத்துக்கொள் என்று சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கங்காணியின் மனைவி வீரம்மா ஊரிலிருந்து திரும்பினாள். வீடு பூட்டிக் கிடந்தது. கம்பளியைக் கொடுத்த அன்றே பொன்னையா தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாஸ்டர் அவளை நூதனசாலைக்கு அழைத்துப்போனார். உன் கம்பளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றார்.

வீரம்மா வாசலோடு நின்றுவிட்டாள்.

"எங்கம்பளி எங்கிட்ட இருக்குங்க மாஸ்டர். இது மூத்தவளோடது. அவரோட மொதச் சம்சாரம்."

"சரி, அவளையே வந்து வாங்கிக்கச் சொல்லும்மா."

"அது செத்து ஒம்போது வருசமாச்சுங்க. ஓரத்துல நீல நூலு தெரியுதுல்ல, அது நான் தச்சது. பொணத்துக்கு இந்தக் கம்பளியச் சுத்திவிட்டதும் நாந்தான். இதோடதான் பொதச்சாங்க."