யமிசியின் கோடைப் புருஷன்

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஸிங்கா துறையில் எல்லோருடைய முகமும் தொங்கிப்போகும். யமிசியின் முகம் மட்டும் மலரும். உபாங்கி ஆற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, எங்களுக்குக் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம். மணல் திட்டுகள் முதுகைக் காட்டும். துறைக்குக் கொஞ்சம் மேலே ஆற்றின் குறுக்கே கிடக்கிற பாறை வரிசை பல்லை இளிக்கும். தலைநகர் பாங்குயிக்குப் போகிற சரக்குப் படகுகள் அதைத் தாண்ட முடியாமல் எங்கள் துறையோடு நின்றுவிடும். அப்புறம் சிமென்டு வராது, மண்ணெண்ணெய் வராது, உப்பு விலை கேட்டால் மயக்கம் வரும். நான் பயற்று மாவில் பணியாரம் சுட்டு விற்கிறவள். படகு ஓடாத துறையில் என் எண்ணெய்ச் சட்டியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? வயிறெரிந்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் கடையில் மீனுக்குப் புகை போடுகிற யமிசியோ அந்த மாதம் பார்த்துத் தலைக்குப் புதுப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

"என்னடி இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?" என்பேன்.

"தண்ணி இறங்குதுல்லக்கா" என்பாள், வெட்கமே இல்லாமல்.

அவளுக்குத் தண்ணீர் இறங்கினால்தான் புருஷன். அவன் பெயர் ஏபாக்கா. சரக்குப் படகில் ஆழம் பார்க்கிறவன். எங்கள் ஆற்றில் படகோட்டி கண்ணை நம்பி ஓட்டுவதில்லை. காதை நம்பி ஓட்டுகிறான். பின்னாலிருந்து இயந்திரப் படகு தள்ளும். முன்னால் கட்டிய தட்டைப் படகின் மூலையில் ஒருவன் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீளக் கழியைத் தண்ணீரில் குத்தி, எடுத்து, ஆழத்தைக் கூவிக்கொண்டே வருவான். மணல் எங்கே இடம் மாறிக் கிடக்கிறது என்று அந்தக் குரலுக்குத்தான் தெரியும். ஏபாக்காவின் படகு வளைவைத் தாண்டுமுன்னே அவன் குரல் வந்துவிடும். கொஞ்சம் கரகரப்பு, கடைசியில் ஒரு இழுப்பு. யமிசி கையிலிருக்கும் மீனைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள்.

தண்ணீர் இறங்கி மாட்டிக்கொண்ட படகு, மழை வரும்வரை மாட்டின இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். படகாட்கள் லாரி பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். காவலுக்கு ஒருவன் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் திருகாணியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள், பொய் சொல்வானேன். ஏபாக்கா வருஷா வருஷம் "நான் இருக்கேன்" என்று கையைத் தூக்குவான். ஆற்றோடு வெகு தூரம் கீழே, பிராஸ்ஸாவில்லில் அவனுக்கு வீடு இருக்கிறது, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரியும், யமிசிக்கும் தெரியும். மழைக்காலம் அவளுக்கு, கோடை இவளுக்கு. ஆற்றோடு பிழைக்கிறவர்களிடம் இதைப் பெரிதாகப் பேச யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதல் கோடையில் அவன் படகின் மேல் உட்கார்ந்து தானே கிழங்கு மாவைக் கிளறி, அடிப்பிடிக்க விட்டு, அதையே தின்றுகொண்டிருந்தான். கருகின வாடை துறை முழுக்க அடித்தது. யமிசியால் பொறுக்க முடியவில்லை. பனை எண்ணெயில் மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் பானையைத் திருப்பித் தருகிற சாக்கில் அவனே வந்தான், குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு. என் கடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். எனக்கு யாரும் கதை சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் படகுகள் நின்று கிடப்பது கொஞ்ச காலம்தான். வருஷம் போகப் போக அது நீண்டது. மழை பொய்க்கிறது, காடு அழிகிறது என்று வானொலியில் என்னென்னவோ சொன்னார்கள். ஜனவரியில் நின்ற படகு ஜூலையில்தான் நகரும் என்றாகிவிட்டது. துறை காய்ந்தது. ஆறு மெலிய மெலிய யமிசியின் கன்னம் மட்டும் பூரித்தது. அவன் அவள் வீட்டுக்குக் கூரை மாற்றினான், புகையடுப்புக்குச் சுவர் எழுப்பினான், சாயங்காலம் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து மீன் செதிள் சுரண்டினான். இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். நல்ல குடும்பத்தில் கேட்கிற சத்தம்தான்.

ஜூலையில் தண்ணீர் ஏறினால் அவள் துறைக்கு வர மாட்டாள். புகையடுப்பின் முன்னால் போய் நின்றுகொள்வாள். கண்ணில் நீர் வந்தால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

அப்படி ஒரு வருஷம் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஆற்றைத் தூர்வாரப் பணம் கேட்டிருக்கிறார்களாம். கடன் கொடுக்கிறவர்கள், கரையில் இருக்கிற ஜனங்களைக் கேட்டுவிட்டு வா என்றார்களாம். துறைக் கொட்டகையில் எங்களை உட்கார வைத்து, என்ன கஷ்டம், சொல்லுங்கள் என்றார்.

மூட்டை தூக்குகிறவர்களின் தலைவன் லெங்கோ முதலில் எழுந்தான். "சார், பாதி வருஷம் எங்க முதுகு சும்மா கெடக்குது. எங்க ஊட்டு அடுப்பும் சும்மா கெடக்குது. இன்னிக்கே தோண்டுங்க சார். மம்பட்டி குடுத்தா நானே எறங்குறேன்."

அடுத்து மீன்காரிகள் சங்கம். அதற்குத் தலைவி யமிசி. எழுந்தாள், சேலையைப் போலச் சுற்றியிருந்த இடுப்புத் துணியை இழுத்துக் கட்டினாள், தொண்டையைச் செருமினாள்.

"மணல் திட்டு ஓரத்துலதான் மீன் முட்டை போடுது. அதைப் பேத்தெடுத்தா மீன் எங்க போகும்? ஆத்தைத் தொடாதீங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டகையே சிரித்துவிட்டது.

"எந்த மீனு அக்கா?" என்றான் லெங்கோ. "கழி புடிச்சிக்கிட்டு நிக்குமே, அந்த மீனா?"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதிக்கொண்டு போனார்.

பணம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே கேள்விப்படாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள். என் எண்ணம் அதுதான். லெங்கோ ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம், "உன் கட்டிலுக்காக எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேக்கா" என்பான்.

"போட்டேன், போ. உன் பொண்டாட்டி உன்னைத் தேடுனா எனக்கு வந்து சொல்லு" என்பாள் இவள்.

ஆற்றைத் தானே நிறுத்திவைத்த மாதிரி ஒரு நடை நடந்தாள் அந்த நாட்களில். அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, இது இப்படியே நீடிக்கட்டும் என்றும் இருந்தது.

நீடிக்கவில்லை. அதற்கப்புறம் வந்த மழைகள் மழையே இல்லை, ஆறு முன்னைவிடச் சீக்கிரமே இறங்கியது. ஒரு டிசம்பரில் பின்னல் போட்டுக்கொண்டு, வளைவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படகு வரவில்லை. கிறிஸ்துமஸும் போயிற்று. பிறகு அவள் கைப்பேசி அடித்தது. சிக்னலுக்காக என் கடைப் பக்கம் வந்து நின்றுதான் பேசினாள். அவன் பேசினது எனக்கும் கேட்டது.

"யமிசி, பேத்துவுக்குக் கீழ மணல்ல ஏறிட்டோம். கழி பாதிகூட நனையல."

"எப்ப வருவீங்க?"

"தண்ணி வந்தா."

"தண்ணி வந்தா நீங்க வீட்டுக்குல்ல போவீங்க?"

அவள் கைப்பேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம் அவனை எங்கள் பாறையில் கட்டிப்போட்ட கோடை, இப்போது அவனை வழியிலேயே மறித்துவிட்டது. பேத்து ஆற்றோடு இறங்கிப் போனால் வருகிற ஊர். ஆனால் அங்கே வேறு நாடு, வேறு போலீஸ்.

அவள் சும்மா இருக்கவில்லை. நல்ல மீனாகப் பொறுக்கிக் கூடை நிறையக் கட்டி, ஒரு தோணியில் இடம் பிடித்துப் போனாள். காவல் சாவடிக்குச் சாவடி இறக்கி, "காகிதம் எங்கே?" என்று கேட்டு, காகிதம் இல்லாததற்கு மீனை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கூடையோடுதான் போய்ச் சேர்ந்தாள். மணல் திட்டில் படகு ஒருபக்கம் சாய்ந்து கிடந்ததாம். ஏறி வந்த பயணிகள் அங்கேயே ஓலைக் குடிசை போட்டுக் குடும்பம் நடத்தினார்களாம். ஏபாக்கா இளைத்திருந்தானாம். அவன் பக்கத்தில் அடுப்பு. அடுப்பில் கிழங்குக் கீரை. கிளறிக்கொண்டிருந்தவள் பேத்துக்காரி.

அந்தப் பெண் நிமிர்ந்து, "யாரு இவங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஸிங்காவுல எனக்குச் சமைச்சுப் போட்டவங்க" என்று சொல்லியிருக்கிறான் அவன்.

யமிசி கூடையை இறக்கி வைத்துவிட்டு அதே தோணியில் திரும்பி வந்துவிட்டாள். இதையெல்லாம் மீன் அறுத்துக்கொண்டே சொன்னாள், கத்தி நிற்கவே இல்லை. நான்தான் அவன் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டினேன்.

"அவரைத் திட்டாதேக்கா" என்றாள். "மணல்ல கெடந்தா மனுஷன் சாப்பிடாம இருப்பானா? நான் போடலையா? அப்ப பிராஸ்ஸாவில்காரி என்னை எவ்வளவு திட்டியிருப்பா. எனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலைன்னா செஞ்சது சரியாயிடுமா?"

"சரின்னு யாரு சொன்னா? வேணும்னுதான் சொல்றேன். எனக்கு அவரு வேணும்."

அப்படிச் சொன்னபோதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு கோடையும் அப்படியேதான் ஆனது. படகு கீழேயே எங்காவது மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் அவன் படகு இந்தப் பக்கம் வரும். ஆனால் நிறைந்த ஆற்றில் ஸிங்காவில் நிற்க அதற்கு என்ன வேலை? குரல் கேட்கும். அவள் கரைக்கு ஓடுவாள். அவன் கழியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவான். அவள் கையில் இருக்கிற எதையாவது, அகப்பையோ துணியோ, தூக்கிக் காட்டுவாள். படகு மூழ்கின பாறைகளைத் தாண்டிப் பாங்குயிக்குப் போய்விடும், அப்படியே திரும்பிவிடும். தண்ணீர் இருந்தால் தாண்டிப் போகிறான், இல்லாவிட்டால் வந்தே சேருவதில்லை. அவன் குரல் மறைந்த பிறகும் அவள் கரையைவிட்டு வர மாட்டாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரும். ஒரு ஆளுக்காக இப்படியா என்று. என் கிழவன் உயிரோடு இருந்தபோது அவனுக்காக நான் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை. அதனால்தான் அந்தக் கோபமோ என்னவோ.

போன மாதம் மறுபடியும் தூர்வாரும் பேச்சு வந்தது. இந்தத் தடவை பணம் கொடுக்க முன்வந்தவர்கள் வேறு, வந்த அதிகாரியும் வேறு. தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அதே கொட்டகை, அதே கேள்வி. லெங்கோவுக்கு இப்போது தாடி நரைத்திருக்கிறது. பேசினது மட்டும் பழைய பேச்சுதான். பிறகு மீன்காரிகள் முறை வந்தது. யமிசி எழுந்தாள்.

"தோண்டுங்க" என்றாள்.

லெங்கோ விடுவானா? "மீனெல்லாம் முட்டை போட்டு முடிச்சுடுச்சாக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யமிசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேத்துவுக்குக் கீழ இருந்து தோண்டிக்கிட்டே வாங்க. ஸிங்காவோட நிறுத்திடுங்க. எங்களுக்கு மேல இருக்கற பாறையை மட்டும் தொடாதீங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "படகு பாங்குயி வரைக்கும் போகணும்னுதானேம்மா நிதியே கேக்கறோம். நடுவுல எதுக்கு நிறுத்தணும்?"

"அது வரைக்கும் வழி விட்டா அவரு போயிட்டுத் திரும்பிடுவாருங்க. படகு இங்க வந்து நிக்கணும். ஜனவரியில வந்து நிக்கணும். மழை வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

யார் அவர் என்று அதிகாரி கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்திருக்கும். லெங்கோதான் துள்ளி எழுந்தான்.

"அக்கா சொல்றது சரிதானுங்க! இங்க நின்னா சரக்கை நாங்கதானே எறக்கணும், லாரியில நாங்கதானே ஏத்தணும்? அக்கா சொன்னபடியே செய்யுங்க!"

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யமிசி சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க? இந்த ஜனவரிக்குள்ள முடியுமா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல பெண்மணி, பொய் சொல்லி ஆசை காட்டவில்லை. "இப்ப நடக்கறது ஆய்வுதாம்மா. இதுக்கு மேலதான் நிதி ஒதுக்கணும், இயந்திரம் வரணும். எல்லாம் நல்லபடியா நடந்தா ஏழெட்டு வருஷம் ஆகும்."

யமிசி உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் போட்டாள்.

"அதுக்குள்ள அவரு வயசாகிக் கழியை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாருங்களே" என்றாள். "அவரு வீடு இருக்கறது பிராஸ்ஸாவில்லுலங்க."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.