நான் வேண்டாமென்ற கிட்னியும் சுலோசனா அக்காவும்

வெண்ணந்தூர் சுலோசனா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. மகள் போன் செய்து, "அம்மா போயிருச்சுங்க மாமா" என்றாள்.

அக்கா தறி ஓட்டியவர். சேலத்தில் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பழக்கம் அப்படித்தான்.

ஏழு வருடம் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி பொருந்துகிறது... ஆனால் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. அந்தக் கிருமி உங்களுக்கும் வரும், பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் அநேகமாகப் போய்விடும், ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லுங்கள் என்றார்கள்.

"நோவோட இருக்கற கிட்னி நமக்கெதுக்குங்க?" என்று மனைவி அழுதாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த டயாலிசிஸ் அன்று அக்காவின் கட்டில் காலி. ஆபரேஷன் ஆகிவிட்டது என்றார் நர்ஸ். எந்தக் கிட்னி என்று புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் பொறாமைதான்.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தவர், மாஸ்க்கோடு என்னை எட்டிப் பார்த்தார்.

"ஒரு சொம்புத் தண்ணி முழுசாக் குடிச்சேஞ் சாமி!"

டயாலிசிஸில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீரே அளந்துதான். அந்தக் கிருமியை நினைத்துப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். இந்தக் கிருமிக்கு மருந்து இருக்குதுங்களான்னு டாக்டரக் கேட்டேன். இருக்குதுன்னாரு. என்ற கிட்னிக்குத்தான் மருந்தே இல்லையே... கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்தக் கிட்னி முதலில் எனக்கு வந்தது என்று சொன்னேன். அக்கா முகம் மாறிவிட்டது.

"உனக்கு வந்ததையா நான் எடுத்துக்கிட்டேன்?"

"இல்லைக்கா, நான் வேண்டாம்னு சொன்னது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளை என் மனைவி கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு கண்ணு. கிருமி இல்லைன்னு போட்டிருக்குது" என்றார். மனைவி இரண்டு முறை படித்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்கு மறுபடி அழைப்பு வந்தது. அதே கிருமி இருந்த கிட்னி. இந்த முறை எனக்கு முன்னால் மனைவி "சரிங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாத்திரை சாப்பிட்ட பன்னிரண்டு வாரமும் தினம் அக்காவின் போன் வரும். "முழுங்கிட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். கிட்னி வைத்ததிலிருந்து கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்று எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். மாஸ்க் போட்டுக்கொண்டு நானும் மனைவியும் வெண்ணந்தூர் போக ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம்.

வாரோமுங்கக்கா.