தாணுமாலையன் கையெழுத்து

எங்க வீட்டுக்காரர் தாணுமாலையனை அப்ப ஊர்ல கொடுத்து வச்ச மனுசன்னு சொல்லுவாங்க. மில்லு வேலையை விட்ட பிறகும் உக்காந்த இடத்துல கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்காராம். கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். தினம் அவரு முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுதவ நானுல்லா?

விக்கிரமசிங்கபுரம் மில்லுல கரண்டு வேலை பாத்தவரு. பரிச்சை எழுதி சூப்பர்வைசர் லைசென்ஸும் வாங்கியிருந்தாரு. அப்படி ஒரு ஆளு சம்பளத்துல இருந்தாத்தான் வயரிங் கம்பெனி நடத்த முடியும். திருநெல்வேலி ஜங்ஷன்ல கம்பெனி வச்சிருந்த தில்லைநாயகத்துக்குக் கரண்டைப் பத்தி, தொட்டா அடிக்கும்ங்கிறதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. தொண்ணூத்தி மூணுல வந்து இவரைக் கூட்டிட்டுப் போனாரு. கட்டடத்துல வயரிங் முடிஞ்சதும், நான் சோதிச்சேன், எல்லாம் சரின்னு இவரு கையெழுத்துப் போடணும். அப்பத்தான் ஈ.பி.யில இணைப்புத் தருவாங்க. பிறகு ஒருத்தன் ஷாக் அடிச்சுச் செத்தா, கேள்வியும் இவரைத்தான் கேப்பாங்க.

மத்த கம்பெனியில வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்தை வாங்கிட்டுப் போயிருவாங்க. இவரு போட மாட்டாரு. வயரைச் சோதிக்கிற மெக்கர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, பஸ் மாறி, ஏணியில ஏறி, தானே பாக்கணும். வீட்டுக்கு வந்து விழுந்தாருன்னா சோறு திங்கத் தெம்பு இருக்காது. போட்டுத் தொலைச்சிட்டு வீட்டுல கிடங்கன்னு நான் கத்துவேன். மறுநாளும் பெட்டியைத் தூக்கிருவாரு.

தொண்ணூத்தி ஆறு ஆவணியில காய்ச்சல்ல கிடந்தாரு. கல்லிடைக்குறிச்சியில புதுக் கல்யாண மண்டபம், வேலை முடிஞ்சிட்டு, முதல் கல்யாணமும் குறிச்சாச்சுன்னு தில்லைநாயகம் சாத்துக்குடியோட வந்து நின்னாரு. எந்திரிக்க மாட்டாம, படுத்தபடியே போட்டாரு மனுசன். பாக்காமப் போட்டது அது ஒண்ணுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி ஒயர்மேன் குற்றாலலிங்கம் உடம்பு விசாரிக்க வந்தான். பேச்சோட பேச்சா, முற்றத்துல கல்லு பதிச்சு முடியலை, அதனால எர்த்துக்குழி தோண்டலை, கல்யாணம் கழிச்சுப் போட்டுரலாம்னான். கையெழுத்து முதல்ல, வேலை பிறகு. எல்லா எடத்துலயும் இப்படித்தான் நடக்கு. எர்த்து இல்லாம வயரு கசிஞ்சா, கிரைண்டரைத் தொடுதவ மேல கரண்டு பாயும். இவரு முகம் செத்துப் போச்சு.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாரு. தனியா விட மனசில்லாம நானும் போனேன். சமையக்கட்டு ஈரத்தரையில பொம்பளைங்க வெறுங்காலோட நின்னு தேங்கா அரைச்சுக்கிட்டு இருந்தாங்க. இவரு நேராப் போய் மெயின் சுவிட்சை இறக்கிட்டாரு. ஃபேனும் மைக்கும் நிக்கவும் பொண்ணு வீட்டாரு பாஞ்சு வந்தாங்க. குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயை இறக்கிக் கம்பியைக் கட்டினாத்தான் கரண்டுன்னு போர்டை மறிச்சுக்கிட்டு நின்னாரு. அதுவரை அண்ணாச்சி, அண்ணாச்சின்னு வாய் ஓயாத தில்லைநாயகம் ஓடி வந்து, அத்தனை பேரு முன்னால சொன்னாரு:

"எனக்கு வேண்டியது உம்ம கையெழுத்துதான், வே. நீரு வேண்டாம்."

குத்துவிளக்கு வெளிச்சத்துல தாலி கட்டினாங்க. குழி முடிஞ்சு, சோதிச்சுப் பாத்துட்டு இவரே மெயினைப் போட்டாரு. பந்தியில ஒரு வாய் சாப்பிடுங்கன்னு எங்களை ஒருத்தரும் கூப்பிடலை. எனக்கு அழுகையா வந்துட்டு.

அந்த வாரமே தில்லைநாயகத்துக்கிட்ட இருந்து விலகிட்டாரு. அப்பாடா, ஒழிஞ்சுதுன்னு இருந்தேன். பிறகு வேற கம்பெனிக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. எல்லாரும் காப்பியைக் குடிச்சுக்கிட்டு ஒரே பேச்சுதான்: அண்ணாச்சி சைட்டுக்கு அலைய வேண்டாம், வீட்டுல இருந்தாப் போதும். இவரு எல்லாருக்கும் முடியாதுன்னுட்டாரு. ஆளு வருததும் நின்னு போச்சு.

தில்லைநாயகத்துக்கு மெட்ராஸ்ல லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கிடைச்சிட்டாராம். தாமிரபரணிப் பக்கமே வந்ததில்லையாம். கையெழுத்து கூரியர்ல வருதாம். குற்றாலலிங்கம் வந்து சொல்லிட்டுப் போனான்.

"அப்ப அவரு கையெழுத்துப் போடுத வீட்டையெல்லாம் யாரு போய்ப் பாக்கது, கோமு?"ன்னாரு.

வீட்டுல கிடங்க, கிடங்கன்னு இத்தனை வருசம் கத்தினவ நான். அன்னைக்குத் தைலக் குப்பியை எடுத்துக்கிட்டு அவரு முழங்கால் பக்கத்துல போய் உக்காந்தேன்.